துண்டுக்குள் ஈரக்கை

கையை உள்ளே விட்டாயிற்று. விட்ட பிறகுதான் தெரிகிறது இந்தக் குளிர். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, சந்தைப் புழுதி கொதிக்கிறது, துண்டுக்கு வெளியே என் முழங்கை வேர்த்து ஒழுகுகிறது, துண்டுக்குள்ளே என் விரல்கள் மட்டும் மார்கழிக் கிணற்றில் கிடக்கின்றன. முகத்தில் காட்டக் கூடாது. துண்டுக்குள் நடப்பதை என் முகம் இதுவரை எவனுக்கும் சொன்னதில்லை, இந்த ஈரக்கைக்கா சொல்லப்போகிறது. எதிரே நனைந்த சாக்கின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறது அது. தலையிலும் ஒரு நனைந்த சாக்கு. உள்ளேயிருந்து இமைக்காத இரண்டு கண். கெளுத்தி மீனின் வயிற்றுப் பக்கம் மாதிரி ஒரு நிறம். பக்கத்தில் மண்பானையில் ஏரித் தண்ணீர், சும்மா இருக்கும் இடது கையால் அதை மொண்டு மொண்டு தோளில் விட்டுக்கொள்கிறது, வழிந்த தண்ணீர் புழுதியில் விழுந்ததும் சொர்ரென்று காணாமல் போகிறது. உடம்பு காய்ந்தால் செத்துப்போவார்கள் இவர்கள், ஈரக்கை என்றுதான் நாங்கள் சொல்வது. வெள்ளாங்கரை ஏரிக்குள் இவர்கள், கரைமேல் நாங்கள், எந்தக் காலத்திலிருந்து என்று யாருக்கும் தெரியாது. ஈரக்கை பிடித்தால் விடாது என்று பால்குடி மறக்காத பிள்ளைக்கே சொல்லி வைக்கிற ஊர் இது. பிடித்தால் விடாது. அந்தக் கைக்குள் என் கையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் நான், தெய்வாத்தாள், எருமைத் தரகி, இந்தச் சந்தையில் துண்டு போடுகிற ஒரே பொம்பளை.

எல்லாம் நஞ்சப்பண்ணனால் வந்தது. அவனும் தரகன்தான், எனக்கு முந்தி வந்தவன், அந்த முந்தலை ஒரு நாளும் மறக்கவிடாதவன். மாசி பிறந்ததிலிருந்து இது வாரா வாரம் சந்தை ஓரத்தில் வந்து சொட்டச் சொட்ட நிற்கிறது, எருமை வேண்டுமாம். யார் விற்பார்கள். எங்கள் சந்தையில் வாயால் சொன்ன விலை விலையே இல்லை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்தால்தான் விலை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை முழுசாய்ப் பிடித்தால் அஞ்சு. பேரம் படிந்தால் விற்கிறவர் துண்டை எடுப்பார், இரண்டு கையும் பிரியும். படிவதற்கு முந்தி எவர் கையை உருவினாலும் பேரம் முறிந்தது, அந்த உருப்படிக்கு அன்றைக்கு வேறு பேரம் கிடையாது. ஆக ஈரக்கையிடம் விற்க வேண்டுமென்றால் ஈரக்கையைத் தொட வேண்டும். தொட்டவனுடைய துண்டுக்குள் அப்புறம் எவன் கை விடுவான், துண்டே செத்துப்போகும். அதனால் வாரா வாரம் அது வந்த வழியே சொட்டிக்கொண்டு போயிற்று. இன்றைக்கு நஞ்சப்பண்ணன் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான், பொம்பளை கை போன துண்டிலேயே லட்சுமி தங்கவில்லை, இனி ஈரக்கை ஒன்றுதான் பாக்கி, தெய்வாத்தா துண்டுக்குள்ள அதுவும் போகட்டும் என்று. சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எனக்கு ஏறினால் இறங்காது, ஊருக்கே தெரியும். புருசன் விட்டுப்போன பிறகு ஒற்றை எருமையைப் பிடித்துக்கொண்டு இதே மைதானத்துக்கு வந்தபோது என் துண்டுக்குள்ளும் எவனும் கையை விடவில்லை. பொம்பளை கை பட்டால் பேரம் அழுகிப்போகும் என்றார்கள். விரித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு மழைக்காலம் பூராவும் உட்கார்ந்திருந்தேன். கடைசியாக ஒருத்தன் விட்டான், விட்டு உள்ளங்கையைச் சுரண்டினான். அவன் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கி, நான் சொன்ன விலைக்கு அவன் தலையாட்டின பிறகுதான் விட்டேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அப்படிச் சம்பாதித்த துண்டு இது. அதை ஒரு வெற்றிலை எச்சில் பேசுகிறது. வா இங்கே என்று ஈரக்கையைப் பார்த்துக் கத்திவிட்டேன். வா, உட்கார், கையைக் குடு. சந்தையே ஒரு கயிற்றுத் தூரம் பின்வாங்கிற்று.

கோபம் மட்டும் என்று சொன்னால் பொய். பேரத்தில் இதைத் தோலோடு உரிக்க வேண்டும். மாசியிலிருந்தே அதுதான் மனசில். முதல் வாரம் வந்தபோதே ஏன் எருமை என்று அது சொல்லிவிட்டது, படித்துறைப் பொம்பளைகள் பேசுகிற மாதிரியே பேசும் அது, துணி துவைத்துக்கொண்டு நாங்கள் பேசினதையெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகினது, அதே இழுப்பு, அதே அம்மிணி. ஏரி வற்றிவிட்டதாம், நடுவில் ஒரு மடுதான் மிச்சமாம், மடுவிலும் அடிமண் வெடித்துத் தண்ணீர் கீழே இறங்குகிறதாம். எருமை இறங்கிப் புரண்டு மிதித்துச் சேற்றைக் குழைத்தால் வெடிப்பு அடையும், ஆடி மழை வரைக்கும் தண்ணீர் நிற்கும். இல்லாவிட்டால் பங்குனிக்குள் முடிந்தது. கொளந்தைக இருக்குது அம்மிணி, என்றது. முதலில் எல்லாரும் சிரித்தார்கள், நம் வீட்டுப் பேச்சு அந்த வாயிலிருந்து வருகிறதே என்று. அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று, அதே காரணத்துக்காக. குழந்தைகள் இருந்தால் இருக்கட்டும். எங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை இருந்தது. என் தம்பி சென்னியப்பன். சென்னி. அவனுக்குப் பதில் நீங்கள் என்ன கொடுத்தீர்கள்.

சரி, விலைக்கு வா. விலை என்றால் குடம். அவர்களிடம் வேறென்ன இருக்கிறது, எங்கள் பொம்பளைகள் கை நழுவவிட்ட பித்தளைக் குடங்கள்தான், பாசி பிடித்து அதன் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது. புளி போட்டு விளக்கினால் பித்தளை பித்தளைதான், எங்கே கிடந்தால் என்ன. கூளைக்கொம்பி என் சொந்த எருமை, ஓரத்தில் நின்று அசைபோடுகிறது, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அதற்குத் தெரியாது. நல்ல விலை மூன்று குடம். நான் கையை முழுசாய்ப் பிடித்தேன். அஞ்சு. விட்டுவிட்டு மறுபடி முழுசாய்ப் பிடித்தேன். அஞ்சும் அஞ்சும் பத்து. பத்துக் குடம் அடுக்கில் இருக்கிறது, அவ்வளவுதான் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். அது என் மூன்று விரலைப் பிடித்தது. விவரம் தெரிந்துதான் வந்திருக்கிறது. நான் மறுபடி முழுசாய். அது மூன்று. விரலுக்கு விரல் நடுவில் மெல்லிசாய் ஒரு தோல், தவளைக்கு இருப்பதுபோல, அது என் விரலிடுக்கில் வந்து ஒட்டுகிறபோது உடம்பு கூசுகிறது. கூசாதே. கைதானே. எத்தனை கை பார்த்திருக்கிறேன், துண்டுக்குள் என் விரல்களுக்குக் கண் உண்டு, குடிகாரன் கை, கடன்காரன் கை, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவன் கை, தொட்டதும் சொல்வேன். இந்தக் கையைப் பார். உள்ளங்கை மெத்தென்று, நடுவில் திடீரென்று ஒரு சொரசொரப்பு. வட்ட வட்டமாய், ஓரம் தடித்து, நடுவில் வழுக்கையாய். இது என்ன இது. இது எனக்குத் தெரிந்த வடு. என் இடது முழங்கையில் இருக்கிறது, கழுத்தடியில் இருக்கிறது. சுண்ணாம்பு. கல்யாணத்துக்கு முந்தி காளவாயில் கூடை சுமந்தபோது தெறித்துத் தெறித்துப் பொத்துப்போன இடங்கள், ஆறினால் இப்படித்தான் ஆறும், ஓரம் தடித்து நடு வழுக்கையாய். இதற்கு எப்படி. எப்படியென்ன, சித்திரை தோறும் ஏரியில் சுண்ணாம்பு கொட்டுவோமே, ஈரக்கை கரைப்பக்கம் அண்டாமல் இருக்க. ஊர்கூடி மேளம் கொட்டிக் கொட்டுவோம். அதே காளவாய்ச் சுண்ணாம்புதான். அப்படியானால் என்னைச் சுட்டதும் இதைச் சுட்டதும் ஒரே சூளை. இருக்கட்டும். வடு இருந்தால் என்ன, விலை குறையுமா. முழுசாய்ப் பிடி. அஞ்சு. அஞ்சு.

மூன்று, என்கிறது. மூன்று விரலை எவ்வளவு மெதுவாய்ப் பிடிக்கிறது. சென்னி ஒன்றைத்தான் பிடிப்பான். சந்தைக்குக் கூட்டி வந்தால் கையைக் கொடு என்றால் கொடுக்கமாட்டான், என் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வான், கையெல்லாம் வேண்டாம் அக்கா, ஒரு விரல் போதும். அன்றைக்கு அப்பன் எருமை கழுவ ஏரிக்குப் போனார், இவன் எருமை முதுகில். நான் கரையில் சாணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். எருமை ஆழத்துக்கு நீந்திவிட்டது, இவன் வழுக்கினான், தண்ணீர் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. வெயில், தண்ணீர், ஒரு கொக்கு. பிறகு நடு ஏரியில் ஒரு கை வந்தது. சென்னியின் கை, அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கை, சாம்பல் நிறத்தில். ஈரக்கை ஈரக்கை என்று கரையே கத்திற்று. அப்பன்தான் முதல் கல்லை எறிந்தார். அப்புறம் எல்லாரும். விடு, விடு என்று கத்திக்கொண்டே எறிந்தார்கள். கை முங்கிவிட்டது. மறுபடி வந்தது, இன்னும் கிட்டத்தில், கல்லுக்கு நன்றாய் எட்டுகிற தூரத்தில், மறுபடியும் கல். பிறகு வரவில்லை. அத்தனை கல்லடி பட்டும் அது விடவில்லை பார், என்று அப்பன் சாகிறவரை சொன்னார். மறுநாள் கிணற்றில் விழுந்த குடம் எடுக்கிற பாதாளக்கரண்டியைப் போட்டுத் தூக்கினார்கள். வலது கை தலைக்கு மேலே நீட்டினபடி இருந்தது. இறக்கினால் இறங்கவில்லை. வாசலில் கிடத்தினபோதும் யாரையோ கூப்பிடுகிற மாதிரி. மணிக்கட்டில் அஞ்சு விரல் தடம், நீலமாய். மணிக்கட்டைப் பிடித்து அடியில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஊரே பார்த்தது. நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், மணிக்கட்டில் அஞ்சு விரல் தடம் என்று. ராத்திரியில் இன்னும் அந்தக் கை வரும், முற்றத்து இருட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும், நான் போர்வைக்குள் என் கையை ஒளித்துக்கொள்வேன், இந்த வயசிலும்.

இழுக்கட்டும். நேரம் இழுக்கட்டும். எதிராளிக்கு அவசரம் இருந்தால் நமக்கு அவசரமே இருக்கக் கூடாது, இது எனக்கு எவரும் சொல்லிக்கொடுக்காமல் பட்டுத் தெரிந்துகொண்டது. பானையில் தண்ணீர் அடிமட்டம், மொள்ளும்போது ஓட்டில் நகம் உரசுகிற சத்தம் வருகிறது. வெயில் என் பக்கம். நான் வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதும். நஞ்சப்பண்ணன் தூரத்திலிருந்து, ஏனுங் தெய்வாத்தா, உசுரோட இருக்கறயா என்கிறான், நான் திரும்பவில்லை. அஞ்சு, அஞ்சு. இதன் கை முந்தி மாதிரி வழுக்கவில்லை. காய்கிறது. விரலிடுக்குத் தோல் சுருங்கி, ஓலை மாதிரி நொறுநொறுவென்கிறது. எனக்குத் தெரியும் இது எப்படி இருக்கும் என்று, சுண்ணாம்பு பட்டு ஆறுகிறபோது இப்படித்தான் தோல் இழுக்கும், கையை மடக்க முடியாது, நீட்ட முடியாது, ஈரத்துணிக்கு உசிர் தவிக்கும். சும்மா இரு. இதற்குப் பரிதாபப்பட்டுக்கொண்டு. கையை உருவிக்கொண்டு ஓடு பார்க்கலாம், ஏரி அதோ இருக்கிறது, ஓடினால் பிழைத்துக்கொள்வாய், பேரம் முறியும், அவ்வளவுதானே. ஏன் ஓடமாட்டேன் என்கிறாய். எவனாய் இருந்தாலும் இந்நேரம் உருவியிருப்பான். மூன்று என்று பிடிக்கவும் அதற்குத் தெம்பில்லை. என் பத்துக்கு அது தலையை ஆட்டிற்று. ஆட்டிவிட்டது. பத்துக் குடம். மொத்த அடுக்கும். இந்தச் சந்தையில் ஒரு எருமைக்கு இப்படி ஒரு விலை எவனும் வாங்கினதில்லை. சென்னி, பார்த்தாயா. துண்டை எடுத்தேன்.

எடுத்துவிட்டேன், கை பிரியவில்லை. வெயில் வெளிச்சத்தில் என் கறுத்த கையும் அதன் சாம்பல் கையும் கோத்துக்கொண்டு கிடக்கின்றன, கூட்டத்தில் எவளோ அய்யோ என்கிறாள். பேரம் முடிந்தது, விடு. இழுத்தேன். இறுக்கிற்று. இன்னும் பலமாய் இழுத்தேன், இன்னும் இறுக்கிற்று, எலும்பு தெரிகிற மாதிரி. பிடித்தால் விடாது. பிடித்தால் விடாது. தொண்டைக்குள் ஏரித்தண்ணீர் ஏறுகிறது, பாசி வாடை, நான் தரையில்தானே இருக்கிறேன், புழுதியில்தானே உட்கார்ந்திருக்கிறேன், ஏன் மூச்சு முட்டுகிறது, இப்படித்தான் இருந்ததா உனக்கும், சென்னி, இப்படித்தான் இழுத்தாயா. நஞ்சப்பண்ணன் ஓடி வருகிறான், கையில் சந்தை வாசலில் ஈரக்கைக்கென்றே வைத்திருக்கிற சுண்ணாம்புச் சட்டி. நகந்துக்க தெய்வாத்தா, மூஞ்சிலயே வீசறேன், உட்டுட்டுத் துள்ளும் பாரு. நிஜமாகவே பதறித்தான் வருகிறான், வெற்றிலை எச்சிலோடு பேசினவன்தான், என்னைக் காப்பாற்ற வருகிறான். அது சட்டியைப் பார்த்தது. சட்டி என்னவென்று அதற்குத் தெரியும். உடம்பு பூராவும் நடுங்கிற்று, அந்த நடுக்கம் கை வழியாக என் தோள்வரைக்கும் வந்தது. அப்போதும் விடவில்லை. வெடித்த உதட்டைத் திறந்து சொன்னது.

"நீ உடு அம்மிணி. நாங்க முந்தி உடறதில்லை."

என்ன சொல்கிறது இது. "உடச்சொல்லி நாந்தானே இழுக்கறேன்," என்றேன்.

"இழுக்கற கை பயந்த கை. பயந்த கைய எப்படி உடறது. தண்ணிக்குள்ள எங்க சனம் ஒருத்தர் கையைப் புடிச்சா, புடிச்சவுங்க முந்தி உடமாட்டாங்க. உட்டா, நீ செத்துப்போன்னு சொன்ன மாதிரி."

நஞ்சப்பண்ணன் சட்டியைத் தூக்கிவிட்டான். நான் இடது கையைத் தூக்கினேன், இரு என்று. ஏன் தூக்கினேன். எதுவோ ஒன்று உள்ளே தட்டுகிறது, நெஞ்சில் இல்லை, விரல்களில். நான் இழுப்பதை நிறுத்தினேன். அதன் பிடி தளர்ந்தது. விடவில்லை, தளர்ந்தது, நான் எடுத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு. என் கையைப் பார்த்தேன். இறுக்கின இடமெல்லாம் தடம். நான்கு விரல் தடம் புறங்கையில், கட்டைவிரல் தடம் என் கட்டைவிரலுக்கு அடியில். மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை. கையோடு கை கோத்தால் தடம் மணிக்கட்டில் எப்படி விழும். புறங்கையில். நான்கு. புறங்கையில் நான்கு. இதை நான் முந்தியே பார்த்திருக்கிறேன். எங்கே. வாசலில். மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள், இறங்காத அந்தக் கையை என்னிடம் கொடுத்து, புடிச்சுக்க கண்ணு, நாங்க குளிப்பாட்டற வரைக்கும் என்கிறார்கள், நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், என் கண்ணுக்கு நேரே அவன் புறங்கை, அதில் நான்கு நீலக்கோடு, அடியில் ஒன்று. புறங்கையில்தான். சத்தியமாய்ப் புறங்கையில்தான். மணிக்கட்டு எப்போது வந்தது. யார் சொன்னார்கள் மணிக்கட்டென்று. அப்பனா. நானா. சொல்லச் சொல்ல அந்தத் தடம் ஏறி ஏறி மணிக்கட்டுக்குப் போய்விட்டது. இழுத்துக்கொண்டு போகிறவன் மணிக்கட்டைப் பிடிப்பான், காலைப் பிடிப்பான், முடியைப் பிடிப்பான். கையோடு கையை யார் கோப்பார்கள்.

இரு, இன்னும் இரு. கை வந்ததே, நடு ஏரியில். அடியில் இழுக்கிறதென்றால் கை எதற்கு மேலே வரும். முதலில் நடு ஏரியில் வந்தது. இரண்டாம் தரம் கிட்டத்தில், கல்லுக்கு நன்றாய் எட்டுகிற தூரத்தில். கிட்டத்தில். கரைக்குக் கிட்டத்தில். எத்தனை தரம் இதைச் சொல்லியிருக்கிறேன், என் வாயாலேயே, சந்தையில், படித்துறையில், சாவு வீட்டில், கிட்டத்தில் வந்தது கிட்டத்தில் வந்தது என்று, ஒரு தரமாவது என் காதில் விழுந்ததா. கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே அவன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தா உங்கள் பிள்ளை, வாங்கிக்கொள்ளுங்கள் என்று. நாங்கள் கல்லைக் கொடுத்தோம். விடு விடு என்று கத்தினோம், விட்டால் செத்துப்போ என்று அர்த்தம், அது எப்படி விடும். அப்பா. அப்பாவுக்கு இது தெரியாமலே போய்ச் சேர்ந்தது நல்லதா கெட்டதா. ராத்திரி பூராவும் அடியில் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, உயிர் போன கையை, அவன் விடட்டும் என்று, அவன் எங்கே விடுவது, பாதாளக்கரண்டி வந்து பிய்க்கிறவரை. நான் போர்வைக்குள் கையை ஒளித்துக்கொண்ட ராத்திரிகளெல்லாம். யாரையும் கூப்பிடுகிற கை இல்லை அது. யாரோ பிடித்துக்கொண்டிருந்த கை.

"என் தம்பி," என்றேன். "எருமை முதுகிலிருந்து உழுந்தவன். அவனைப் புடிச்சது யாரு?"

அதன் கண் என் முகத்தில் தேடிற்று, அவன் முகம் இதில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

"எங்காத்தா," என்றது. "கல்லு பட்டு ஒரு கண்ணு போச்சு. அந்தப் பையன் கை சூடா இருந்துச்சுன்னு சொல்லுவா. சூடு போகப் போகப் புடிச்சிருந்தேன்னு சொல்லுவா."

எங்காத்தா என்றாள். என்றாள். சொல்லிவிட்டேன் பார், அது இது என்று சொல்லிக்கொண்டிருந்த வாய். அவள். இன்னொருத்தி மகள் இவள். காய்ந்துகொண்டிருக்கிறாள் என் எதிரில், நான் காயவைத்துக்கொண்டிருக்கிறேன், பத்துக் குடத்துக்காக, என் துண்டுக்குள் வைத்து. நான் விடாமல் இவள் விடமாட்டாள், காய்ந்து செத்தாலும் விடமாட்டாள். பானை காலி. என் குடிதண்ணீர்ச் செம்பை எடுத்து முழுசையும் எங்கள் கைமேல் ஊற்றினேன், போதவில்லை, தண்ணி கொண்டாங்க என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன், ஒருத்தரும் அசையவில்லை. எருமைத் தொட்டி எட்டுகிற தூரத்தில் இருந்தது. துண்டை அதில் முக்கி, சொட்டச் சொட்ட அவள் தோளில் பிழிந்தேன், தலையில் பிழிந்தேன், மறுபடி முக்கிப் பிழிந்தேன். தோல் குடிக்கிற சத்தம் கேட்டது, நிஜமாகவே கேட்டது. செத்தது துண்டு, என்றான் நஞ்சப்பண்ணன், சத்தமில்லாமல், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. சட்டியைக் கீழே வைக்காமல், வீசவும் முடியாமல் நிற்கிறான். செத்தால் சாகட்டும். ஒரு மழைக்காலம் உட்கார்ந்தேனே, இன்னொன்று உட்காருகிறேன்.

நனைந்த துண்டை மறுபடியும் எங்கள் கைமேல் போட்டு மூடினேன். பேரம் முடிஞ்சுதே, மறுக்கா என்னத்துக்கு மூடறே என்றான் அவன். நஞ்சப்பண்ணா, என் எருமை, என் துண்டு, கம்முனு இரு. வாழ்க்கையில் ஒருநாளும் நான் சொன்ன விலையிலிருந்து நானாக இறங்கினதில்லை, விரல்களுக்கு அந்த வேலையே தெரியாது, மெதுவாய்த்தான் செய்ய வேண்டியிருக்கிறது. கட்டைவிரலை எடுத்தேன். சுண்டுவிரலை எடுத்தேன். நான் விடுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள், நான் ஒவ்வொன்றாய் எடுக்க எடுக்க அவளும் ஒவ்வொன்றாய்த் தளர்த்துகிறாள், அவசரமில்லாமல், என் பயம் எந்த விரலிலாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து. கடைசியில் அவளுடைய ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் என் கைக்குள் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று. ஒரு குடம். அதுதான் விலை. அவள் நிமிர்ந்து பார்த்தாள், மூன்று என்று திருத்தப்போனாள். விரலை அசையவிடவில்லை நான். ஒரு விரல் போதும்.

எந்திரி என்றேன். இடது கையில் கூளைக்கொம்பியின் கயிறு. அடுக்கிலிருந்த குடங்களில் ஒன்றை மட்டும் இடுப்பில் வைக்கலாமென்றால் கை இல்லை, கிடக்கட்டும், எவளுடையதோ அவள் வந்து எடுத்துக்கொள்ளட்டும். கூட்டம் விலகுகிறது. நஞ்சப்பண்ணன் சட்டியோடு எங்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் வருகிறான், எதற்கு வருகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை, அப்புறம் நின்றுவிடுகிறான். புழுதியில் அவள் காலடி ஈரமாய் விழுந்து விழுந்து மறைகிறது. தண்ணீர் வற்றின ஏரிக்குள் இறங்குகிறோம், வெடித்த மண், காலுக்கடியில் நொறுங்குகிறது, இங்கேதான் எங்கேயோ முதல் தரம் கை வந்தது, இங்கே எங்கேயோ இரண்டாம் தரம். எனக்கு நீச்சல் தெரியாது, அன்றிலிருந்து இந்த ஏரியில் கால் நனைத்ததில்லை. பயமாய்த்தான் இருக்கிறது. அவள் தன் விரலை இழுத்துக்கொள்ளவில்லை, இழுத்துக்கொள்ளவும் மாட்டாள், எவ்வளவு நேரமானாலும். தூரத்தில் மடு மினுங்குகிறது, மினுமினுப்புக்கு மேலே சின்னச் சின்னதாய்த் தலைகள் நீட்டிப் பார்க்கின்றன, குழந்தைகள் போலிருக்கிறது. தண்ணீர் வந்ததும் விட வேண்டும். விட வேண்டியது நான்தான், தெரியும். இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது.